குளமா, களஞ்சியமா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் ஞாயிற்றை அளவுகோலாகக் கொண்டவை. கடலோரமாய் நீண்டு கிடப்பது எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் குளமும் காடுமாய் விரிவது படுவான்கரை. பழுகாமம் படுவான்கரையில் வாவியை ஒட்டி அமைந்த ஊர். ஒரு கரையில் ஞாயிறு எழுகிறது, மறு கரையில் படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் உண்மை. எழுவான்கரையில் நெடுஞ்சாலையும் கடைத்தெருவும் வங்கியும் வளர, படுவான்கரையில் உழைப்பும் விளைச்சலும் மட்டுமே வளர்ந்தன என்பது வரலாறு காட்டும் உண்மை. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக மின் இணைப்பின்றிக் கிடந்த ஊர்கள் இக்கரையிலே பல. இருளின் விலை இன்னதென்று இங்குள்ளோருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இத்தகைய கரையிலிருந்து ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். பகல் வெயிலிலிருந்து பெறும் மின்சாரத்தை இரவுக்காகப் பேரளவிற் சேர்த்துவைக்கும் ஆற்றல் மனிதனுக்கு இன்று வாய்த்துவிட்டது. அவ்வாறு சேர்த்துவைக்கப்படும் வெயில் யாருக்கு உரியது? இது பொறியியலாளர் தீர்க்க வேண்டியது, தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கருவியை எப்படிச் செய்வது என்பது பொறியியலாளரின் கேள்வி. அக்கருவி யாருக்காக இயங்க வேண்டும் என்பது அறத்தின் கேள்வி. அதற்கு விடை தேடும் கடமையிலிருந்து எவரும் விலகி நிற்க முடியாது.

முதலில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 2022 மார்ச் 31ஆம் நாள் இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை, நாடு இருண்டது. மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2025 சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைகளிற் சூரியத் தகடு பொருத்தியிருந்தோரிடம் மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. பிற்பகல் 3 மணி வரை அத்தகடுகளை நிறுத்திவைக்குமாறு அது கேட்டது. விடுமுறையால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடந்தன. வெயில் மட்டும் விடுமுறை எடுக்கவில்லை. ஆகவே மின்சாரம் மிஞ்சிற்று. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இச்செய்தியைப் படித்துவிட்டு, "சேர், இல்லாதபோதும் வெட்டு, மிஞ்சினபோதும் வெட்டா?" என்று கேட்டான். அவனுடைய கேள்வி நியாயமானது. பகலில் வெயிலை வேண்டாமென்று தள்ளிவிட்டு, இரவில் கடன்பட்டு வாங்கிய எண்ணெயையும் நிலக்கரியையும் எரிக்கும் ஒரு நாட்டில் ஏதோ ஓர் ஒழுங்கு பிழைத்திருக்கிறது.

அந்த ஒழுங்கு எங்கே பிழைத்தது? நெல்லை அறுத்துக் களத்திற் குவித்துவிட்டு, விற்பதா வைப்பதா என்று நாளை யோசிக்கலாம். மின்சாரத்துக்கு அந்த வசதி இல்லை. அது பிறக்கும் கணத்திலேயே செலவாக வேண்டும். நாடு முழுவதும் எந்தக் கணத்திலும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக நிற்றல் வேண்டும். அச்சமநிலை பேணப்படும் வரையில்தான் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்ற கதியில் ஓடும். நீரினாலும் நிலக்கரியினாலும் சுழலும் பெருஞ்சக்கரங்கள் தம் பாரத்தினாலேயே சிறு அதிர்ச்சிகளைத் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகட்டிற் சுழல்வது எதுவுமில்லை. அதிர்ச்சியைத் தாங்கும் பாரமும் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. குரங்கைக் குறித்துப் பலரும் சிரித்தனர். அவ்வேளை நுகர்வு குறைந்து வெயில் மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தது. ஒரு சிறு அதிர்ச்சியைத் தாங்கும் திராணி மின்வலையமைப்புக்கு இல்லாதிருந்தது. சிரிப்புக்கு அப்பால் கவனிக்கத்தக்க செய்தி அதுவே.

மக்கள் பற்றரி என்று வழங்கும் மின்கலம் இவ்விடத்தில்தான் துணைக்கு வருகிறது. கொள்கலன்களைப் போன்ற பெட்டிகளில் ஆயிரக்கணக்கான கலங்களை அடுக்கி, நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தை அவற்றில் ஏற்றி, இரவில் மீட்டுப் பெறுகிறார்கள். நூறு அலகு ஏற்றினால் எண்பத்தைந்து முதல் தொண்ணூறு அலகு வரையில் மீளும். அதிர்ச்சி நேரும்போது ஒரு நொடிக்கும் குறைவான வேளையில் மின்வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கவும் இவை வல்லன. இலித்தியம் மின்கலத் தொகுதியின் விலை 2010இல் கிலோவாற்று மணிக்கு ஆயிரம் டொலருக்கு மேல் இருந்தது. 2024இல் உலகச் சராசரி 115 டொலராக இறங்கிற்று. நேற்று வரை கைத்தொலைபேசிக்குரிய பொருளாயிருந்தது இன்று ஒரு நாட்டின் இரவுக்குரிய பொருளாகிவிட்டது.

படுவான்கரை உழவருக்கு இது முற்றிலும் புதியதன்று. காட்டோர வயல்களைச் சுற்றி யானைக்காக இடப்பட்ட மின்வேலியைப் பாருங்கள். பகலில் ஒரு சிறு தகடு வெயிலை வாங்குகிறது. ஒரு மின்கலம் அதைச் சேர்த்துவைக்கிறது. யானை வரும் இரவில் வேலி உயிர்பெறுகிறது. மின்கலம் பழுதடைந்தால் வேலி வெறுங் கம்பியாகிவிடும். தகடு எவ்வளவு பெரிதாயினும், சேமிப்பு இல்லையேல் தேவைப்படும் வேளையில் அதனால் பயனில்லை என்பதை இந்த உழவர் அநுபவத்தில் அறிவர். வவுணதீவில் அமைந்த 10 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்; 2030ஆம் ஆண்டில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவோம் என்ற அரசின் இலக்குக்கும் பொருந்தும்.

சேமிப்பு என்றால் என்ன? ஒரு பொருளை இன்றிலிருந்து நாளைக்குக் கொண்டுசெல்லுதல் என்று சுருங்கச் சொல்லலாம். சமுதாயத்தில் வைத்து நோக்கும்போது அதற்கு இன்னொரு பொருள் புலப்படுகிறது. சேமிப்பு உள்ளவன் காத்திருக்க வல்லவன்; சேமிப்பு இல்லாதவன் காத்திருக்க இயலாதவன். இவ்விருவரும் சந்தையில் எதிரெதிரே நிற்கும்போது விலையைக் காத்திருக்க வல்லவனே நிர்ணயிக்கிறான். காலத்தின் மீது ஒருவனுக்குள்ள அதிகாரம் மற்றவனுடைய உழைப்பின் மீதும் அதிகாரமாகிறது.

இதை மட்டக்களப்பு வயல்வெளி நன்கு அறியும். போடியாருக்குக் களஞ்சியம் இருந்தது. அவருடைய வயலைக் காத்துச் செய்த முல்லைக்காரருக்குக் கடன் இருந்தது. அறுவடை நாளில் நெல் எங்கும் மலிந்து விலை வீழ்ந்துகிடக்கும்போது, கடனும் பிள்ளைகளின் பசியும் துரத்த, முல்லைக்காரர் தம் பங்கைக் களத்திலேயே விற்றுவிடுவார். மாரியில் நெல் அருகி விலை ஏறும்போது அதே நெல்லை அவர் கூடிய விலைக்கு வாங்குவார். இருவர் கையிலும் இருந்தது ஒரே நெல். ஒருவருக்குக் கூரையிட்ட ஒரு கொட்டகை இருந்தது, மற்றவருக்கு இல்லை. 1948இல் வந்த உத்தரவாத விலைத் திட்டமும், 1958இல் வந்த நெற்காணிச் சட்டமும், 1971இல் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபையும் வெவ்வேறு முனைகளிலிருந்து இந்தச் சமனின்மையையே எதிர்த்தன. ஆனாலும் இன்றைக்கும் ஈரங்காயாத நெல்லை வீதியோரத்தில் வைத்து விற்பவர் உழவர். ஆலைக் களஞ்சியத்தில் வைத்துக் காத்திருப்பவர் பெருவணிகர்.

இதே மண்ணில் வேறொரு சேமிப்பும் உண்டு. அது குளம். மாரி மழையைக் கோடைக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு என்ற வகையில் குளமும் ஒரு மின்கலமே. இங்கினியாகலையில் 1950களின் தொடக்கத்தில் எழுந்த அணைக்கட்டிலோ குளமும் மின்சாரமும் ஒன்றாகவே பிணைந்துள்ளன. வயலுக்குத் திறக்கும் நீர் போகிற போக்கில் மின் உருளைகளையும் சுழற்றுகிறது. தமிழ்நாட்டின் கடம்பாறையில் மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு நீரை மலைமேல் ஏற்றி, தேவைப்படும் வேளையில் கீழே இறக்கி 400 மெகாவாற்று வரையில் பெறும் ஏற்பாடு 1980களிலேயே வந்துவிட்டது.

ஆனால் குளத்துக்கும் களஞ்சியத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நவகிரிக் குளத்து நீர் எவருடைய சரக்குமன்று. சிறுபோகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் இவ்வளவு நீர் உண்டு, இவ்வளவு ஏக்கர் விதைக்கலாம், இந்த வட்டைக்கு இன்ன நாளில் வாய்க்கால் திறக்கப்படும் என்று உழவரும் உத்தியோகத்தரும் பேசித் தீர்மானிக்கிறார்கள். நீர் குறைந்தால் அதன் விலையை ஏற்றிப் பணமுள்ளவருக்கு விற்பதில்லை. விதைக்கும் பரப்பைக் குறைக்கிறார்கள். களஞ்சியத்துக்குப் பஞ்சம் ஆதாயம். குளத்துக்குப் பஞ்சம் பகிர்வுக்குரிய கணக்கு. குளத்தையும் மிகைப்படுத்திப் புகழ்தல் வேண்டா. வாய்க்காலின் தலைப்பில் வயலுள்ளவர் வயிறாரக் குடித்தபின் கடைக்கோடியில் உள்ளவர் வரம்பில் நின்று வானம் பார்த்த கதைகளும், வட்டை விதானையார் வலியவர் பக்கம் சாய்ந்த கதைகளும் நம்மிடம் உண்டு. பொதுவுடைமை என்று ஏட்டில் எழுதிவிட்டால் போதாது; மதகின் சாவி யார் கையில் என்பதையும் கேட்டாக வேண்டும். எனினும், அவ்வாறு கேட்பதற்கு ஓர் உரிமையும் ஒரு கூட்டமும் குளத்தில் உண்டு. களஞ்சியத்தில் அவ்விரண்டும் இல்லை.

வரவிருக்கும் மின்கலம் குளமாகப் போகிறதா, களஞ்சியமாகப் போகிறதா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

உலகம் இதற்குத் தந்துள்ள விடை ஒன்றை நோக்கலாம். 2016 செப்ரெம்பர் 28ஆம் நாள் புயலொன்றினால் தென் அவுஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டின் முடிவில் அங்கே ஹோர்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாற்று மின்கலத் தொகுதி எழுந்தது. அந்நாளில் உலகிலே மிகப் பெரிய இலித்தியம் தொகுதி அதுவே. கலங்களைத் தந்தது அமெரிக்காவின் டெஸ்லா. உடைமையாளர் நியோவன் என்னும் பிரெஞ்சுக் கம்பனி. மாநில அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 70 மெகாவாற்று மின்வலையமைப்பின் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 30 மெகாவாற்றைக் கம்பனி மலிந்தபோது வாங்கி அரிதானபோது விற்கலாம். அதாவது குளமும் களஞ்சியமும் ஒரே வேலிக்குள் அமைந்தன. இதனால் மின்வலையமைப்பு உறுதிபெற்றது; சில சேவைகளின் விலையும் வீழ்ந்தது. இந்நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் 2019இல் சில மாதங்கள், அவசர வேளைக்கு ஆயத்தமாய் நிற்பதற்கென்று பணம் பெற்ற அத்தொகுதி, வாக்களித்த அளவுக்கு உதவ இயலாத நிலையில் இருந்தது. ஒழுங்குபடுத்தும் அரச நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2022இல் நீதிமன்றம் 9 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. ஆயத்தமாய் நிற்றல் கண்ணுக்குத் தெரியாத பண்டம். நெருக்கடி வரும் வரையில் அது உண்டா இல்லையா என்று நுகர்வோருக்குத் தெரியாது. கண்காணிக்கும் கண் பொதுமக்களுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இலங்கையின் நிலை யாது? 2025இல் 16 இடங்களில் தலா 10 மெகாவாற்று மின்கலத் தொகுதிகளை அமைக்கக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. நான்கு மணி நேரம் மின்சாரம் தரவல்ல இவற்றின் மொத்தக் கொள்ளளவு 640 மெகாவாற்று மணி. மாலையில் ஒரு வீடு இரண்டு அலகு செலவிடும் என்று கொண்டால், 3 இலட்சத்து 20 ஆயிரம் வீடுகளின் இரவுக்கு இது போதும். ஆனால் வகுக்கப்பட்ட முறையோ, தனியார் கட்டி, தமது உடைமையாக வைத்து, தாமே இயக்குதல் என்பது. கூரைத் தகட்டுடன் மின்கலமும் வைத்து இரவு உச்ச நேரத்தில் மின்சாரம் தரும் வீட்டாருக்குப் பகலிலும் மிகக் கூடிய விலை தரும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் சேமிப்பின் உடைமை முதலுள்ளவரிடமே சென்று சேர்கிறது என்பதும் உண்மை. ஓலைக் கூரையிலோ பழுதுற்ற தகரக் கூரையிலோ சூரியத் தகடு ஏறாது. கூரை உள்ளவனுக்கு வெயிலும் வருமானம்; கூரை இல்லாதவனுக்கு வெயில் வெறும் வெயில்.

இரவு மின்சாரம் யாருடைய தேவை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையில் மின்சாரத் தேவையின் உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. பகல் முழுவதும் வயலில் நிற்பவருக்கும், வாவியில் வலை வீசுபவருக்கும், தையற் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கும் வீட்டில் விளக்கு வேண்டியது அந்நேரத்தில்தான். பிள்ளை புத்தகத்தைத் திறப்பதும் அந்நேரத்தில்தான். பகல் மின்சாரம் மலிவாவதன் பயனைக் குளிரூட்டிய அலுவலகங்கள் பெறும். இரவு மின்சாரம் அரிதாவதன் சுமையை உழைத்துக் களைத்து வீடு திரும்புவோர் சுமப்பர். பெரும்பாலான வீட்டுப் பட்டியல்களில் இரவுக்கென்று தனி விலை இல்லையாயினும், இரவை ஒளிரச் செய்வதற்கு ஆகும் பெருஞ்செலவு எல்லோருடைய பட்டியலிலும் கலந்தே வருகிறது. ஆகவே இரவைச் சேமித்துவைப்பவன் உழைப்பாளியின் ஓய்வு நேரத்தையே தன் களஞ்சியத்தில் வைத்திருக்கிறான் எனலாம்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படும். அரசிடம் பணமில்லை, கடனில் மூழ்கிய நாடு தனியார் முதலை வேண்டாமென்றால் மின்கலமே வராது, அப்போது நீங்கள் காப்பது பொதுவுடைமையையன்று, எண்ணெயையும் இருளையுமே என்பர். இம்மறுப்பில் வலிமை உண்டு. 2022இன் இருளிற் படித்த பிள்ளைகளிடம் போய், கோட்பாடு தூய்மையாகும் வரையில் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. காத்திருக்க இயலாதவர்க்காகப் பேசிக்கொண்டு அவர்களையே காத்திருக்கச் சொல்வது முரண்பாடு. ஆனால் தனியார் முதலை ஏற்பது வேறு, மதகின் சாவியை ஒப்படைப்பது வேறு. ஒப்பந்தம் முடிந்தபின் தொகுதி யாருக்கு? எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று கட்டளையிடுபவர் யார்? நெருக்கடி வேளையில் முதலில் ஒளி பெறுவது வைத்தியசாலையா, விருந்தினர் விடுதியா? விலை எழுதப்பட்ட ஏட்டை எவரும் பார்க்கலாமா? இக்கேள்விகளை எழுப்பப் பணம் தேவையில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. மின்கலத்துள் வெயில் மட்டும் சேர்த்துவைக்கப்படவில்லை. மனித உழைப்பும் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. முதல் என்பது இறந்துபோன உழைப்பு என்று மார்க்ஸ் விளக்கினார். அதைக் கண்ணாற் காண விரும்புவோர் ஒரு மின்கலத்தைத் திறந்து பார்க்கலாம். சிலியின் அற்றகாமாப் பாலைநிலத்தில் உப்புநீரை வற்றவைத்து இலித்தியம் எடுக்கப்படுகிறது. கொங்கோவின் கோபாற்றுச் சுரங்கங்களிற் குழந்தைகளும் வேலை செய்ததை உலகம் அறியும். பெருந்தொகுதிகளுக்கு இன்று பெரிதும் பயன்படும் இரும்புப் பொசுபேற்று வகைக்குக் கோபாற்று வேண்டியதில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி. மின்கலத்தின் எதிர்முனைக்கு வேண்டிய காரீயக் கரியோ நம் நாட்டிலேயே போகலையிலும் ககட்டகஹவிலும் தோண்டப்படுகிறது. நூறாண்டுக்கு மேலாக நாம் அதைக் கச்சாப் பொருளாகவே பெரிதும் ஏற்றுமதி செய்து வருகிறோம். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் மின்கல நிலையம் தீப்பற்றியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆகவே எங்கே அமைப்பது, தேய்ந்த கலங்களை எங்கே சேர்ப்பது என்பவற்றையும் ஊராரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஒளி எழுவான்கரைக்கும் கழிவு படுவான்கரைக்கும் என்று ஆகிவிடலாகாது.

நம் இலக்கியத்தில் குறையாத சேமிப்பின் கதை ஒன்று உண்டு. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைப் பெற்றான். கப்பல் அவனை மணிபல்லவத்தில் விட்டுச் சென்றபோது அங்கே ஊட்டுவதற்கு மனிதர் ஒருவரும் இல்லை. தன் ஒருவன் வயிற்றை நிரப்பிக்கொண்டு அவன் நெடுங்காலம் வாழ்ந்திருக்கலாம். அவனோ பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாது உயிர் நீத்தான். பிறருக்குப் பயன்படாத நிறைவை வைத்திருப்பது அவனுக்கு இயலாததாயிற்று. அத்தகைய துறவை எவரிடமும் நாம் எதிர்பார்க்கவில்லை. நமக்கு வேண்டியது ஒரு சட்டமும் ஒரு கூட்டமும் மட்டுமே. ஆனால் பாத்திரத்தின் பயன் யாது என்பதில் ஆபுத்திரனுக்கு இருந்த தெளிவு நம் சட்டங்களுக்கும் வேண்டும்.

செய்யத்தக்கவை தொலைவில் இல்லை. பாடசாலைகளின் நீண்ட கூரைகள் பகலெல்லாம் வெயிலில் வீணே காய்கின்றன. அக்கூரைகளையும், ஊருக்கு ஒன்றாய் ஒரு மின்கலத்தையும், கூட்டுறவுச் சங்கமோ பிரதேச சபையோ உடைமையாகக் கொள்ளலாம். பெருந்தொகுதிகளைத் தனியார் கட்டினாலும் அவற்றை ஏற்றி இறக்கும் அதிகாரம் பொது நிறுவனத்திடம் இருக்க வேண்டும். ஒப்பந்தங்கள் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் படிக்கும்படி வெளியாதல் வேண்டும். குளத்துக்கு ஆரம்பக் கூட்டம் கூடுவதுபோல மின்சாரத்துக்கும் ஒரு கூட்டம் வேண்டும். அங்கே உழவரும் ஆசிரியரும் மாணவரும் கணக்குக் கேட்க வேண்டும். கணக்குக் கேட்பதற்குக் கணக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். மெகாவாற்று என்றால் என்ன, மெகாவாற்று மணி என்றால் என்ன என்று வகுப்பறையில் விளக்குவதும் அந்த வகையில் ஒரு சமுதாயப் பணியே.

சேமிப்பின் வரலாறு இதுவரை பெரும்பாலும் களஞ்சியத்தின் வரலாறாகவே இருந்துவிட்டது. நெல்லின் களஞ்சியங்கள் எழுந்தபோது நம் முன்னோர் அதைத் தடுக்கும் நிலையில் இல்லை. எழுந்தபின் அவற்றை எதிர்க்கச் சட்டங்கள் வருவதற்குத் தலைமுறைகள் சென்றன. வெயிலின் களஞ்சியங்களுக்கு இப்போதுதான் அத்திவாரம் இடப்படுகிறது. கேள்வி கேட்பதற்கு ஏற்ற காலம் அத்திவாரம் இடப்படும் காலமே.